உப்பு ஜாடியில் இருந்த டிஸ்க்

கேப்பைக் கொல்லையின் வரப்பைத் தாண்டி ரோட்டில் ஏறிய பிறகும் இடது காதில் கூவல் நிற்கவில்லை. அடித்தவர் மோதிரம் போட்டிருந்தார். தாடையில் ஓரிடம் கிழிந்து ரத்தம் சட்டைக் காலரில் இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்க நிற்கவில்லை. நின்றால் திரும்பிப் பார்க்கத் தோன்றும். திரும்பிப் பார்த்தால் இன்னும் அங்கேதான் நிற்கிறான் என்று ஆள் அனுப்புவார்கள். பெருமுக்கல் மலையை முதுகுக்கு விட்டுவிட்டு திண்டிவனம் பார்க்க நடந்தேன்.

லுங்கி மடிப்புக்குள், இடுப்போடு சேர்த்து, பழைய சேலைத் துணியில் சுற்றிய ஹார்ட் டிஸ்க் ஒன்று இருந்தது. வியர்வை பட்டதும் அதிலிருந்து உப்பு கரைந்து தோலில் அரித்தது. சொறியக்கூட கையைக் கொண்டுபோகவில்லை. இடுப்பில் ஏதோ வைத்திருக்கிறான் என்று யாருக்கும் தெரியக் கூடாது.

கடந்து வந்த கொல்லையில் கதிர் முற்றியிருந்தது. கிளி விரட்டுவதற்காகக் குச்சிக்குக் குச்சி கயிறு கட்டி சி.டி.க்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். காற்றில் சுழன்று சுழன்று வெயிலை என் முகத்தில் அடித்தன. இரண்டு வருட வெயிலில் பூச்சு உரிந்து சில சி.டி.க்கள் வெறும் கண்ணாடியாகிவிட்டிருந்தன. அந்தப் பக்கம் நிற்கும் கதிர் இந்தப் பக்கம் தெரிந்தது. அவை எல்லாவற்றின் மேலும் ஒரு காலத்தில் என் கையெழுத்து இருந்தது.

நான் எட்டாவது வரை படித்தவன். ஒலக்கூர் பக்கத்தில் ஒரு காலனி. தொண்ணூற்று மூன்றில் திண்டிவனத்தில் விடுதிச் சுவர் ஏறிக் குதித்ததோடு படிப்பு முடிந்தது. லாரி கிளீனராக இருந்தேன். செங்கல் சூளையில் இருந்தேன். கரும்பு வெட்டினேன். அந்த நாட்களில் எந்த ஊரிலும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தங்கியதில்லை. போன இடமெல்லாம் ஏதோ கொஞ்சம் கற்றுக்கொண்டேன், எதையும் முழுசாக இல்லை. அப்படி ஒரு முறை திண்டிவனம் திரும்பியபோது கம்ப்யூட்டர் கடை ஒன்றில் கூட்டிப் பெருக்கச் சேர்ந்தேன். சர்வீசுக்கு வந்த பெட்டிகளின் தூசியை ஊதினேன், பிறகு திருகாணி கழற்றினேன், பிறகு வீடுகளுக்கு அனுப்பினார்கள். வெயிலில் சைக்கிள் மிதிக்க அந்தக் கடையில் வேறு ஆள் இல்லை.

மண்டிக்காரர் வீட்டுக்கு அப்படித்தான் போனேன். திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி வைத்திருந்தவர், வேர்க்கடலை வியாபாரம். வீடும் நிலமும் பெருமுக்கல் பக்கத்துக் கிராமத்தில். மாதா கோயிலில் முதல் பெஞ்சு அந்த வீட்டுக்கு. எங்கள் ஆட்கள் அதே கோயிலுக்குப் போனால் பக்கவாட்டுக் கதவு. குறையாகச் சொல்லவில்லை, வழி சொல்கிறேன். அவர் வீட்டிலும் எனக்குப் பக்கவாட்டுக் கதவுதான். அதில் நுழைந்து கூடத்து மேசைவரை போகலாம், அதே வழியில் திரும்பலாம். தண்ணீர் கேட்டால் பேப்பர் கப்பில் வரும். பேப்பர் கப் வந்த பிறகு அந்த விஷயத்தில் இரண்டு தரப்புக்கும் நிம்மதி.

கம்ப்யூட்டர் ஒரே மகளுக்காக வாங்கியது. பள்ளிக்கூடம் முடிக்கப்போகிற வயசு. பெட்டியை இணைத்துக் கொடுத்த அன்றே கேட்டாள்.

"அண்ணே, எங்க ஆல்பத்தயெல்லாம் இதுக்குள்ள போட முடியுமா?"

கடை ஸ்கேனரைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு அந்தக் கோடை விடுமுறை முழுக்கப் போனேன். படத்தை ஆல்பத்திலிருந்து உரிப்பது, கண்ணாடியில் கவிழ்ப்பது, மூடுவது என் வேலை. பெயர் வைப்பது அவள் வேலை. ஞானஸ்நானம், முதல் பிறந்தநாள், முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை, மாதா தேர் என்று தனித்தனியாகப் பிரித்தாள். ஒன்றில் குழந்தையாக அவள், மொட்டைத் தலை, சந்தனம், கையில் கடித்த முறுக்கு. அதைப் பார்த்து அவளே கூவினாள்.

"ஐயே, இது யாரு, எங்க மண்டில மூட்ட தூக்கற ஆளாட்டம்!"

உள்ளே சமையல்கட்டிலிருந்து அவள் அம்மா சிரித்தார். அந்த வீட்டில் நான் கேட்ட சிரிப்பு அந்தக் கோடையோடு சரி.

எல்லாம் ஏறியதும் மண்டிக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சரக்கை ஒரே குடோனில் போடாத ஆள் அவர். ஒரு காப்பி சி டிரைவில், ஒரு காப்பி டி டிரைவில் வை என்றார். இரண்டும் ஒரே டிஸ்க்கின் இரண்டு பகுதிதான் என்று தெரிந்த மகள் விடவில்லை.

"யப்பா, ஒரே ரூம நடுவுல தட்டி வெச்சி மறச்சா அது ரெண்டு வூடாயிருமா? கூர எரிஞ்சா ரெண்டுந்தான் எரியும்."

"வாயப் பாரு. யாருக்குப் பொறந்துச்சோ," என்றார், பெருமையாகத்தான்.

அவள் சொன்னதற்காக சி.டி. வாங்கி எல்லாவற்றையும் பதிந்தேன். மார்க்கரால் மேலே பெயர் எழுதினேன். பிறகு அவளுக்கு டிஜிட்டல் கேமரா வந்தது. விழுப்புரத்தில் கல்லூரி சேர்ந்தாள். ஒவ்வொரு விடுமுறைக்கும் நான் போய்ப் புதுப் படங்களை இறக்கி, புது சி.டி. போட்டு, பீரோவில் அடுக்கிவிட்டு வருவேன். சி டிரைவ், டி டிரைவ், பீரோவில் சி.டி., மூலத்துக்கு ஆல்பம். படங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று எல்லோருமே நினைத்தோம். தீ, திருடன், இடி என்றுதான் யோசித்தோம். தகப்பனை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

கல்லூரி முடிந்த வருடம் அவள், அந்த ஊர் ரோட்டுக்கு எதிர்ப்பக்கத்துக் காலனிப் பையன் ஒருவனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அவனும் அதே மாதாவைக் கும்பிடுகிறவன். பக்கவாட்டுக் கதவு ஆள்.

எங்கள் வட்டாரத்தில் இப்படிப் போன பெண் செத்ததாக வைத்துக் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டுவது உண்டு. படம் போட்டு, பூ மாலை போட்டு, தோற்றம் மறைவு எழுதி. மறைவுக்கு, அவள் வீட்டைவிட்டுப் போன தேதியைப் போடுவார்கள். மண்டிக்காரர் கடைக்குப் போன் செய்தார். கடையில் என்னை அனுப்பினார்கள்.

கூடத்தில் உறவுக்கார ஆம்பிளைகள் கைகட்டி நின்றிருந்தார்கள். அவர் திரையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார்.

"பேனருக்கு ஒரு போட்டோ எடு. சிரிக்காம இருக்கறதா பாரு."

"எல்லாத்துலயும் சிரிச்சிக்கினுதான் இருக்கறாங்க ஐயா."

"செத்தவளுக்கு இன்னாடா 'இருக்கறாங்க'?"

கடைசியில் கல்லூரி அட்டைக்கு எடுத்த படம் ஒன்று அகப்பட்டது. பென் டிரைவில் போட்டு பிளக்ஸ் கடைக்கு எடுத்துப் போனேன். சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் கட்டினார்கள். விடிவதற்குள் காலனிப் பையன்கள் கிழித்துவிட்டார்கள். மாதா கோயில் சாமியார், உயிரோடு இருக்கிற பெண்ணுக்குப் பூசை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மண்டிக்காரர் அதற்காகக் காரியத்தை நிறுத்தவில்லை. மேளத்துக்கு எங்கள் ஆட்களைக் கூப்பிட்டார்கள், யாரும் போகவில்லை. செஞ்சிப் பக்கத்திலிருந்து வண்டி வைத்து ஆள் கொண்டுவந்தார்கள். மாலை போட்ட படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அவள் அம்மா வாய்விட்டு அழுதார். அழுததைப் பொய் என்று சொல்ல மாட்டேன். எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, வந்தவர்களுக்குப் பந்தியும் பரிமாறினார். அதையும் பார்த்தேன்.

மறுவாரம் திரும்பக் கூப்பிட்டார்கள். நான் போனபோது பின்வாசலில் ஆல்பங்கள் எரிந்து சாம்பலாகியிருந்தன. பிளாஸ்டிக் உறை உருகித் தரையில் ஒட்டியிருந்தது. பீரோ சி.டி.க்களைப் பண்ணையாள் ஒரு கூடையில் போட்டுக் கொல்லைக்கு எடுத்துப் போய்க்கொண்டிருந்தான். வீணாக்கப் பிடிக்காத மனிதர் மண்டிக்காரர். கம்ப்யூட்டரில் இருந்ததை அவரே அழித்திருந்தார், சி டிரைவிலும் டி டிரைவிலும்.

"எல்லாம் போயிடுச்சில்ல?"

நான் உள்ளதைச் சொன்னேன். அழித்தால் பெயர்தான் போகும், படம் அங்கேயேதான் கிடக்கும், அந்த இடத்தில் வேறு எதையாவது ஏற்றும்வரை. விஷயம் தெரிந்தவன் தோண்டி எடுக்கலாம்.

அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார்.

"அப்ப செத்துங்கூட உள்ள குந்திக்கினு இருக்கறா. கழட்டு. கழட்டிக் கெணத்துல போட்டுட்டு வேற மாட்டு. அவ மூஞ்சி இருந்த சாமான் எனக்கு வேணாம்."

கழற்றினேன். வேறு டிஸ்க் மாட்டினேன். பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போகும் வழியில், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் அவள் அம்மா நின்றிருந்தார்.

"அத இப்டி வெய்யி."

கல்லின் மேல் வைத்தேன். நான் கையை எடுத்த பிறகு எடுத்துக்கொண்டார்.

"இதுக்குள்ள இருக்கறாளா?"

"இருக்கறாங்கம்மா. எதுலயும் மாட்டிப் போட்டுப் பாக்காதீங்க. கீழ போடாம, ஒருத்தர் கையும் படாத எடமாப் பாத்து வையுங்க. நான் பெரிய டிஸ்க் ஒண்ணு வாங்கியாந்து எடுத்துத் தர்றேன்."

டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு கல்லைத் தூக்கிக் கிணற்றில் போட்டார். சத்தம் கேட்டது. கூடத்திலிருந்து யாரும் வரவில்லை.

அதற்குப் பிறகு கடையில் என்னை நிறுத்தினார்கள். அந்தக் கல்யாணத்துக்குத் தூது போனவன் நான்தான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். போகவில்லை, போயிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன். திருப்பூர் போனேன். அங்கிருந்து மங்களூர்ப் பக்கம் மீன் கம்பெனி ஐஸ் அறை. கை விரல்களில் தோல் உரிந்து உரிந்து ரேகை போய்விட்டது. ஒரு டிஸ்க்கும் அதை வெளியிலிருந்து இணைக்கும் டப்பாவும் வாங்க அவ்வளவு காலம் பிடித்தது. இரண்டு மழை கடந்து திண்டிவனம் இறங்கி, அவை இருந்த பையை ஒரு பெட்டிக்கடையில் கொடுத்து வைத்தேன்.

மண்டிக்கு அவர் போயிருக்கும் நேரம் பார்த்துக் காலையில் அந்த வீட்டுக்குப் போனேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்ததும் எப்படியிருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை.

"இவ்ளோ நாளாடா? வா, ஜல்தி வா. அவுரு வந்துட்டா பேஜாராயிரும்."

என்னைச் சமையல்கட்டு வாசப்படிவரை கூப்பிட்டார். அதுவரை நான் மிதிக்காத இடம். மூலையில் இடுப்பளவு பீங்கான் ஜாடி. மரக்காணத்திலிருந்து மாட்டு வண்டியில் வரும் கல் உப்பை வருடத்துக்கு ஒரு முறை வாங்கி அதில் கொட்டி வைப்பார்கள். மேலே அள்ள அள்ள அடியில் தண்ணீர் கட்டி நிற்கும். அவர் முழங்கை வரை கையைவிட்டு அடியிலிருந்து ஒரு துணி மூட்டையை இழுத்தார். சொட்டியது.

துணியைப் பிரித்தேன். பெயர் அட்டை உப்பிப் பாதி உரிந்திருந்தது. திருப்பினேன். அடியில் இருக்கும் பச்சைத் தகட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. செம்புக் கோடுகள் களிம்பு ஏறி, சில இடங்களில் இல்லவே இல்லை.

"இன்னாம்மா இது?"

"உப்பு ஜாடில ஆம்பள கைய வுட மாட்டான்டா. இந்த வூட்டுல எல்லாத்தயும் தொறந்து பாத்தாரு. பீரோ, குதிரு, தலகாணி, ஒண்ணு உடல. இத மட்டும் தொடல." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உப்புல வெச்சது கெட்டுப் போவாதுடா. மாங்கா கெட்டுப் போவுதா? மீனு கெட்டுப் போவுதா? அதான் கோயில்ல மந்திரிச்ச உப்பும் ஒரு கை போட்டு வெச்சேன்."

ஈரம் படக் கூடாது என்று நான் அன்றே சொல்லியிருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும். தண்ணீர்ப் பானையில் வைத்திருக்க மாட்டார். உப்பு அவருக்கு ஈரமில்லை, காவல்.

"அம்மா, உங்க பொண்ணு விழுப்புரத்துலதான் இருக்கறாங்க. நான் போய் என் போன்ல ஒரு போட்டோ புடிச்சாந்து தரட்டுமா?"

முகம் மாறியது.

"அவ போட்டோ எனக்கு எதுக்கு? அவள நான்தான் அழுது முடிச்சிட்டேனே. எனக்கு அந்தக் கொழந்த வேணும். மொட்ட அடிச்சி, முறுக்கு கடிச்சிக்கினு இருக்குமே, அது. புதுநன்மைக்கு வெள்ள கவுனு போட்டுக்கினு என் கையப் புடிச்சிக்கினு நிக்குமே, அது. அத எடுத்துக் குடு. ஓடிப்போனவள நீயே வெச்சிக்கோ."

டிஸ்க்கைத் துணியில் சுற்றி இடுப்பில் செருகிய நேரத்தில் வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். மண்டிக்காரர் சாவியை மறந்துவிட்டுப் போயிருக்கிறார். பக்கவாட்டுக் கதவுக்கு நான் போவதற்குள் கூடத்துக்கு வந்துவிட்டார். சமையல்கட்டு வாசப்படியில் என் கால் இருந்தது. அதைத்தான் பார்த்தார்.

"எங்கடா நிக்கற?"

நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மாள் கத்தினார்.

"பாருங்க, தண்ணி குடுன்னு கேட்டுக்கினே உள்ள வந்துட்டான். வெளிய நில்லு நில்லுன்றேன், காதுல வாங்குனானா? என் ஜாடியத் தொட்டுட்டான்!"

ஓர் அடியில் அவர் கை நிற்கவில்லை. நான் இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டேன், முகத்தை விட்டுவிட்டேன். பயந்து குனிகிறான் என்று நினைத்திருப்பார். பின்னால் அந்த அம்மாள் உப்பு ஜாடியை உருட்டி முற்றத்தில் கவிழ்த்துக்கொண்டிருந்தார், தீட்டுப்பட்ட உப்பு என்று. அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. அந்த அம்மாள் அப்படிச் சொல்லியிருக்காவிட்டால், எதற்கு வந்தான் என்று என் இடுப்பைத் தடவிப் பார்த்திருப்பார்கள். அதுவும் எனக்குத் தெரிந்தது. தெரிந்தாலும் வலிக்கிறது வலிக்கத்தான் செய்கிறது.

திண்டிவனம்வரை நடக்கவில்லை. பாதியில் மரக்காணத்திலிருந்து வரும் பஸ் ஒன்று வந்தது, ஏறிக்கொண்டேன். திண்டிவனத்தில் பிளக்ஸ் கடைக்குப் போய் அந்தப் பழைய பேனர் படம் இருக்கிறதா என்று கேட்டேன். மாதத்துக்கு ஒரு முறை துடைத்துவிடுவோம் என்றார்கள். செத்தவர்களின் முகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றும் கேட்டார்கள். குழாயில் தாடையைக் கழுவிக்கொண்டு, பெட்டிக்கடையில் பையை வாங்கிக்கொண்டு விழுப்புரம் வண்டியைப் பிடித்தேன்.

விழுப்புரத்தில் ஜங்ஷனுக்கு எதிரே மாடியில் ஒருவன் செத்த டிஸ்க்குகளிலிருந்து படம் எடுத்துத் தருகிறான் என்று கேள்விப்பட்டிருந்தேன். சின்ன வயசு, வாயில் பாக்கு. துணியைப் பிரித்து முகர்ந்து பார்த்தான்.

"இன்னா தலைவா, கருவாடு போட்டீங்களா? கொழம்பு வெக்கற பக்குவத்துல கீது."

பக்கத்தில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிரப்பரால் தகட்டைத் தேய்த்தான். தேய்த்த இடத்தில் கோடே கையோடு வந்துவிட்டது. தகட்டைக் கழற்றித் தட்டினான். மேசையில் உப்பு விழுந்தது.

"இந்த போர்டு செத்துப்போச்சி. இதுல ஒண்ணும் பண்ண முடியாது. உள்ள படம் இருக்கற தட்டு தனியா மூடி இருக்கும், அதுக்கு உப்பு போவாம இருந்துச்சின்னா உண்டு. மூச்சு வுடற ஓட்ட ஒண்ணு கீது, பாரு, அது வழியா போயிருந்தா அதுவும் அம்பேல்."

"போவலன்னா?"

"இதே கம்பெனி, இதே மாடல், இந்த லேபிள்ல கீற இதே நம்பர். அப்படி ஒரு டிஸ்க் எடுத்தா. அதோட போர்டக் கழட்டி இதுல மாட்டிப் பாக்கலாம். ஒரு நம்பர் மாறினாலும் வேணாம், சுத்தும், படிக்காது. இந்த மாடலு இப்ப புதுசா வர்றதில்ல. காயலான் கடைல தேடு."

லேபிளில் பாதிதான் மிச்சமிருந்தது. நல்லவேளை, நம்பர் இருந்த பாதி. அதை என் போனில் படம் பிடித்துக்கொண்டேன்.

காயலான் கடைக்குப் போகும் முன் எனக்கு வேறொன்று தோன்றியது. மகளிடமே பழைய படம் ஏதாவது இருக்கலாம். இருந்தால் இந்த அலைச்சலே வேண்டாம். அவள் புருஷன் மெக்கானிக் வேலை செய்யும் பட்டறையை எங்கள் ஆட்கள் மூலமாகத் தெரிந்து வைத்திருந்தேன். வீடு அதற்குப் பின்னாலேயே, ஒற்றை அறை, தகரம் போட்டது.

அவள் வெளியே துணி அலசிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் முதலில் கேட்டது:

"எங்கப்பாவா?"

"ம்."

"மோதரம் போட்ட கையி." தன் புருவத்துக்கு மேலே இருந்த தழும்பைத் தொட்டுக் காட்டினாள். "இது அவரு குடுத்து அனுப்புன சீரு."

விஷயத்தைச் சொன்னேன். டிஸ்க்கைக் காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்தக் கோடையில் அவள் பெயர் வைத்த அத்தனையும் அதற்குள் இருந்தது.

"எங்கிட்ட ஒண்ணும் இல்லண்ணே. கட்டுன துணியோட வந்தேன். செர்டிபிகேட்டக் கூட எடுக்கல." பிறகு கேட்டாள். "எங்கம்மா என்னப் பத்தி இன்னா கேட்டாங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அடி வாங்கியவனுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"ஒண்ணும் கேக்கலம்மா."

"நான் எப்படி இருக்கறேன்னு?"

"கேக்கல. சின்ன வயசுப் படந்தான் வேணும்னாங்க."

சிரித்தாள். பேனருக்கு ஆகாது என்று மண்டிக்காரர் ஒதுக்கிய அதே சிரிப்பு. ஆனால் இப்போது அதில் பல் மட்டும்தான் இருந்தது.

உள்ளே குழந்தை அழுதது. தூக்கிக்கொண்டு வந்தாள். மொட்டை அடித்துச் சந்தனம் பூசியிருந்தது, ஒரு வயசிருக்கும். கையில் எதையோ வைத்து மென்றுகொண்டு என்னை முறைத்தது. நான் ஸ்கேனர் கண்ணாடியில் கவிழ்த்து, மூடி, எடுத்த முகம். முறுக்குத்தான் இல்லை. என் போன் கையிலேயே இருந்தது.

"எடுக்கட்டுமாம்மா? காட்டுனா ஒருவேள..."

"எடுக்காதண்ணே." குழந்தையின் முகத்தைத் தோளுக்குத் திருப்பிக்கொண்டாள். "அவங்க பொதச்ச பொணம் பெத்த கொழந்த இது. பாத்தா பயந்துருவாங்க." பிறகு டிஸ்க்கை என்னிடம் நீட்டினாள், உடனே விட்டுவிடாமல். "அதுல படம் வந்துச்சின்னா எங்கிட்டதான் குடுக்கணும். ஒண்ணே ஒண்ணுகூட அங்க போவக் கூடாது. அது என் மூஞ்சி. அவங்களுக்கு வேணும்னா வந்து நேர்ல பாக்கட்டும்."

டிஸ்க்கை வாங்கித் துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டேன். ஒருத்தி தன் புருஷனுக்குத் தெரியாமல் உப்பில் புதைத்துக் காப்பாற்றியது. இன்னொருத்தியின் முகம். இரண்டு பேரும் இதற்குள் இருப்பது தனக்குத்தான் என்கிறார்கள். உள்ளே ஏதாவது இருக்கிறதா என்பதே இன்னும் தெரியவில்லை.

காயலான் கடை ஊருக்கு வெளியே திருச்சி ரோட்டில். பெரிய தராசுக்குப் பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். கடை அவருடையது. பின்னால் கம்ப்யூட்டர்ப் பெட்டிகள் ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்தன. ஆபீஸ், பள்ளிக்கூடம், வீடு என்று எங்கிருந்தெல்லாமோ வந்தவை. ஒரு மூலையில் சாக்குச் சாக்காக டிஸ்க். ஓர் ஆள் குந்தி உட்கார்ந்து உளியை வைத்து உடைத்துக்கொண்டிருந்தான். பச்சைத் தகடு ஒரு பக்கம், அலுமினியம் ஒரு பக்கம், காந்தம் ஒரு பக்கம். உள்ளிருந்து வரும் வட்டத் தட்டுகள் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி தரையில் கிடந்தன.

"அக்கா, இந்த நம்பர்ல ஒரு டிஸ்க் வேணும். தேடிப் பாக்கட்டுமா?"

போனை வாங்கி எட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"சாக்கு சாக்கா வருது, சாக்கு சாக்கா போவுது. நீ குந்தித் தேடறதுக்கு இது கோயில் கொளமா? மூஞ்சி இன்னாடா, பொண்டாட்டி அடிச்சாளா?"

"இல்லக்கா."

"தேடறவன்லாம் இங்க நிக்கக் கூடாது. ஒடைக்கறவன் நிக்கலாம். இருந்தவன்ல ஒருத்தன் கையில உளிய வுட்டுக்கினு போயிட்டான். வர்றியா?"

"வந்தா, இந்த நம்பர் கெடச்சா எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்க. எடைக்குக் காசு புடிச்சிக்கறேன்."

ஜங்ஷனில் படுத்து எழுந்து காலையில் போனேன். எனக்கு ஒரு சாக்கை விரித்து உட்கார இடம் காட்டினார்கள். டிஸ்க்கை இடுப்பில் வைத்துக்கொண்டு குந்த முடியவில்லை. எடுத்து வைக்க நல்ல இடம் எதுவும் அங்கே இல்லை. குவியலுக்குப் பக்கத்தில் வைத்தால் குவியலோடு போய்விடும். அக்காவிடம் கொடுத்தேன். தன் கட்டிலில் தலைமாட்டுத் துணிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"எத்தினி நாளு?" என்றார்.

"நம்பர் கெடைக்கற வரைக்கும்."

"நம்பர மட்டும் பாரு. உள்ள இன்னா இருக்கும், யார் வூட்டுதுன்னு ரோசன பண்ணிக்கினு குந்தாத. மத்தியானத்துக்குள்ள ஒரு சாக்கு காலியாவணும்."

சாக்கின் வாயைப் பிரித்து முதல் டிஸ்க்கை எடுத்தேன். யாரோ அதன் மேல் பேனாவால் 'வீட்டு போட்டோ, அழிக்காதே' என்று எழுதியிருந்தார்கள். லேபிளைத் துடைத்து நம்பரைப் பார்த்தேன். வேறு நம்பர். உளியை வைத்து அடித்தேன்.